தலையில் பந்து பட்டால்...

ஓசூர் சிப்காட் பக்கம் கிரிக்கெட் ஆடப்போன என் மகனுக்குத் தலையில் கார்க் பந்து பட்டுவிட்டது. "ஒண்ணுமில்லேம்மா" என்று மறுபடியும் மட்டையைத் தூக்கினான். நான் விடவில்லை. எனக்கு ராமன் லம்பா ஞாபகம்.

1998 பிப்ரவரியில் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் நின்றவருக்குத் தலையில் அடி. தானே நடந்துதான் வெளியே போனார். மூன்றாம் நாள் உயிர் போயிற்று, வயது 38.

உள்ளே கசியும் ரத்தம் மெல்ல மெல்லத்தான் மூளையை அழுத்தும். அதுவரை பிள்ளை நன்றாகவே பேசும். அடிபட்ட அன்று ஆட்டமே வேண்டாம், சகோதரிகளே! தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர் சொன்னபடி, ராத்திரி இரண்டு தரம் அவனை எழுப்பிப் பார்த்தேன். திட்டிக்கொண்டே எழுந்தான். அப்பாடா!