குறுக்குவழி சொல்லும் சேதி

வார்டுக்குப் புது மென்பொருள் வருகிறது. கருத்தரங்கக் கூடத்தில் அரை நாள் பயிற்சி நடக்கிறது, ஆளுக்கொரு யூசர் ஐ.டி. தரப்படுகிறது, மறுநாளிலிருந்தே கணினியில் பதியச் சொல்லி உத்தரவும் வந்துவிடுகிறது. சில வாரங்கள் போனதும் அடுத்த சுற்றறிக்கை வரும்: செவிலியர்கள் உரிய நேரத்தில் பதிவு செய்வதில்லை, இனி நேர்ந்தால் விளக்கம் கோரப்படும். உரிய நேரத்தில் ஏன் பதிய முடியவில்லை என்று கேட்கும் சுற்றறிக்கையை நம்மில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டோம்.

கேட்கப்படாத அந்தக் கேள்வியைத்தான் இந்த இதழ் எழுப்ப விரும்புகிறது. அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் மென்பொருளைத் தாண்டிப் போய் வேலையை முடிக்கிறார் என்றால், அது வார்டின் நடைமுறையோடு எங்கோ முட்டுகிறது என்று பொருள். முட்டும் இடத்தைத் தேடிச் சரிசெய்கிற மருத்துவமனையில் தகவல் தொழில்நுட்பம் நோயாளிக்கு உதவும். மெமோ கொடுத்து மூடிவிடுகிற மருத்துவமனையில் அதே தொழில்நுட்பம் புது ஆபத்துகளுக்கு வழிவிடும்.

தொழில்நுட்பத்தின் மேல் நமக்கு வெறுப்பு ஏதுமில்லை. மருந்து கொடுப்பதில் இன்று உலகெங்கும் பேசப்படும் பார்கோடு முறையே ஒரு செவிலியரின் யோசனையில் தொடங்கியதுதான். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், டொபீகா நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றியவர் சூ கின்னிக். 1992-இல் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நிறுவன ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடை ஸ்கேன் செய்து நின்ற இடத்திலேயே கணக்கை முடித்ததைப் பார்த்தார். இதையே மருந்துக்கும் நோயாளிக்கும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த மருத்துவமனையில் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை பிறகு அந்நாட்டின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. மருந்துப் பொட்டலத்தையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேன் செய்தால், சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என நாம் முதலாண்டில் மனப்பாடம் செய்யும் ஐந்தையும் கணினி ஒருமுறை ஒத்துப் பார்க்கிறது.

பலன் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் 14,041 முறை மருந்து கொடுக்கப்பட்டதை நேரில் கவனித்து நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பார்கோடு இல்லாத பிரிவுகளில் நேரம் தவறியதைத் தவிர்த்த பிற பிழைகள் 11.5 சதவீதம், பார்கோடு வந்த பிரிவுகளில் 6.8 சதவீதம். மருந்துச் சீட்டைப் பார்த்துப் படியெடுப்பதில் நேர்ந்த பிழைகள் முற்றிலும் மறைந்துபோயின. டாக்டரின் கையெழுத்தைப் புரிந்துகொள்ள மூன்று பேரைக் கேட்டுப் பழகிய நமக்கு அந்தக் கடைசி வரியின் அருமை தெரியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 2008-இல், அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் இதே முறையை ஆராய்ந்த குழு ஒன்று, செவிலியர்கள் அதைச் சுற்றிப் போகும் 15 வகைக் குறுக்குவழிகளைப் பட்டியலிட்டது. நோயாளிகளின் பார்கோடு நகல்களை கணினி வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து, கட்டிலுக்குப் போகாமலே ஸ்கேன் செய்வது அதில் ஒன்று. பல பேருடைய மருந்துகளை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வண்டியில் எடுத்துப் போவது இன்னொன்று. இதை மட்டும் படித்தால் அலட்சியம் என்றே தோன்றும்.

அதே ஆய்வு 31 காரணங்களையும் பட்டியலிட்டிருக்கிறது. கைப்பட்டை நனைந்து, கசங்கி, படிக்க முடியாமல் போயிருக்கிறது. பார்கோடின் மேல் இன்னொரு லேபிள் ஒட்டப்பட்டிருக்கிறது. சில மருந்துகளுக்கு பார்கோடே இல்லை. ஸ்கேனரின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. வார்டின் மூலையில் நெட்வொர்க் கிடைப்பதில்லை. நோயாளி மூச்சுத் திணறும்போது ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருக்க முடிவதில்லை. மருந்தகம், கொள்முதல் பிரிவு, கணினிப் பிரிவு, நிர்வாகம் ஆகியவை சரிசெய்ய வேண்டிய குறைகள் இவற்றில் பல. செவிலியரின் குறுக்குவழியைத் தடுப்பதோடு நின்றவர்களுக்கு இவை கண்ணில் பட்டிருக்காது. காரணத்தைக் கேட்டவர்களுக்கு வேலைப் பட்டியலே கையில் கிடைத்தது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டென்னசி மாநிலத்தில் நடந்தது சாட்சி. 2017 டிசம்பரில், ஸ்கேனுக்குப் போன நோயாளியின் பதற்றத்தைத் தணிக்க மிடாசோலம் கொடுக்க வேண்டியிருந்தது. தானியங்கி மருந்துப் பெட்டியில் செவிலியர் அந்த மருந்தின் வணிகப் பெயரைத் தேடி முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டினார். பெட்டியிலோ மருந்துகள் பொதுப் பெயரில் இருந்தன. கட்டுப்பாட்டைத் தாண்டும் 'ஓவர்ரைடு' பொத்தானை அழுத்தியதும் அதே எழுத்துகளில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அந்த மருந்து ஏறியதும் நோயாளி மூச்சுவிட முடியாமல் போய், பிறகு இறந்தார். குப்பியின் மூடியில் எச்சரிக்கை அச்சாகியிருந்தது. செவிலியர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பிழை அவருடையதுதான். ஆனால் ஸ்கேன் பிரிவில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. ஓவர்ரைடு அப்போது அன்றாடப் பழக்கமாக இருந்தது என்று விசாரணையில் அவர் சொன்னார். 2022-இல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது அந்தச் செவிலியரைத்தான். ஒரு வார்டில் குறுக்குவழி எல்லோரும் அறிந்த வழக்கமாகிவிட்டால், விபரீதம் நேரும் நாளில் அது கடைசியாகப் பொத்தானை அழுத்தியவரின் தனிக்குற்றமாக மாறும். இதை நாம் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது நம் வார்டுக்கு வருவோம். பார்கோடும் தானியங்கிப் பெட்டியும் இங்கே சில மருத்துவமனைகளில்தான் உண்டு. நம்முடைய பெரும்பாடு வேறு: இரட்டைப் பதிவு. கேஸ் ஷீட், டெம்பரேச்சர் சார்ட், இன்டேக்-அவுட்புட் சார்ட், சென்சஸ் புத்தகம், இன்டென்ட், ரிப்போர்ட் புக் எல்லாம் அப்படியே இருக்க, அவற்றின் மேல் கணினிப் பதிவும் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆடிட்டுக்குத் தாள் வேண்டும், மாநில அறிக்கைக்குக் கணினி வேண்டும். இரண்டையும் எழுதுவது ஒரே கை. ஒரு பதிவேட்டை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பது யாருக்கும் தெரியாததால், ஒன்றும் நிற்பதில்லை.

அறுவைசிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் ஒரு காலை டியூட்டியை எடுத்துக்கொள்வோம். பத்து மணிக்கு நோயாளியின் நாடித்துடிப்பு 88, பி.பி. 120/80. பதினோரு மணிக்கு 104, 110/70. பன்னிரண்டுக்கு 118, 96/60. வார்டுக்கு இருக்கும் ஒரே கணினி நர்சிங் ஸ்டேஷனில்; அதில் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. செவிலியர் எண்களைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறார். பன்னிரண்டு மணிக்கே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, உள்ளே ரத்தக்கசிவு இருக்குமோ என்று சந்தேகமும் சொல்லிவிடுகிறார். ஒன்றரை மணிக்குக் கணினி கிடைக்கிறது. மூன்று அளவுகளையும் சேர்த்துப் பதிகிறார். பார்த்த நேரத்தைத் தனியாகக் குறிக்க இடம் தராத மென்பொருள், மூன்றுக்கும் 1.30 என்று முத்திரை குத்துகிறது.

இதில் கெட்டுப்போனவை இரண்டு. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் நாடிக்கோடு ஏறுவதும் பி.பி. இறங்குவதும் போகிற போக்கில் யார் கண்ணிலும் படும். கணினித் திரையில் அந்தச் சரிவு காணாமல் போய்விட்டது. அடுத்தது, சரியான நேரத்தில் சரியான முடிவெடுத்த செவிலியர், பதிவைப் படிப்பவருக்கு ஒன்றரை மணி வரை கவனிக்காமல் இருந்தவராகத் தெரிவார். நாளைக்கு விசாரணை என்று வந்தால் பேசப்போவது பதிவு. "பார்த்த நேரம்", "பதிந்த நேரம்" என்று இரண்டு கட்டங்கள் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. மென்பொருள் எழுதியவருக்கு அது சில மணி நேர வேலை. எது தேவை என்று அவருக்குச் சொல்ல வார்டிலிருந்து ஒருவரும் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை.

மருத்துவமனைக்கு வெளியே, கிராம சுகாதார செவிலியரின் நிலை இன்னும் நெருக்கடியானது. சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது ஒரு துணை சுகாதார நிலையத்துக்கான கணக்கு. கர்ப்பிணியை பிக்மி தளத்தில் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்கித் தருவது அவர் பணி. முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் பிறப்புப் பதிவுக்கும் அந்த எண் வேண்டும். பதிவு முறையாக நடந்தால் பலன் பெரிது: ரத்தசோகையோ உயர் ரத்த அழுத்தமோ உள்ள தாய்மார் யார் யார், யாருக்கு எப்போது நாள் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே தெரியும். பதியும் வேளையில் படும் பாடுதான் கணக்கில் வருவதில்லை. பதினான்கு இலக்க ஆபா சுகாதார அடையாள எண்ணை ஆதார் வழியாக உருவாக்க ஓ.டி.பி. வேண்டும். அது போகும் கைபேசியோ கணவரிடம் இருக்கிறது. அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். போன் போட்டு, அவர் எடுத்து, எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடுகிறது. அந்தப் பத்து நிமிடம் கர்ப்பிணியின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், இரும்புச்சத்து மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று கேட்பதற்கும் உரிய நேரம்.

அலாரங்களும் கணிப்பு மென்பொருள்களும் தனியாகப் பேச வேண்டிய பொருள். இங்கே சுருக்கமாக ஒன்று. மானிட்டர் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை சிகிச்சை நடவடிக்கை எதுவும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவின் மருத்துவமனைத் தரச்சான்று அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013-இல் எச்சரித்தது. அலாரம் தொடர்பாக மூன்றரை ஆண்டுகளில் தன்னிடம் வந்த 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்ததாகவும் அது சொன்னது. செப்சிஸை முன்கூட்டியே சொல்லும் என்று பல மருத்துவமனைகள் வாங்கிய மென்பொருள் ஒன்றை மிச்சிகனில் சோதித்தபோது, செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது தெரிந்தது. ஆய்வு 2021-இல் வெளியானது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரோடு அடுத்து என்ன வந்தாலும், கட்டிலருகே நின்று "இவர் நேற்று மாதிரி இல்லை" என்று சொல்லும் செவிலியரின் கணிப்பை அது கேட்டுக்கொள்ளுமா, மேலெழுதி அழித்துவிடுமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

நம் பக்கமும் திருத்த வேண்டியவை உண்டு. வார்டு முழுவதும் ஒரே பாஸ்வேர்டில் இயங்குவது சகஜமாகிவிட்டது. லாகின் செய்ய நேரமாகிறது என்பது உண்மைதான். ஆனால் நம் பெயரில் இன்னொருவர் பதிந்த மருந்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நாம். ஈ.சி.ஜி.யையும் ஆய்வக முடிவையும் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான். நடு இரவில் மூத்த டாக்டரின் கருத்தை உடனே வாங்க வேறு வழியில்லாததால் வந்த குறுக்குவழி அது. பல உயிர்களுக்கு உதவியும் இருக்கிறது. ஆனாலும் நோயாளியின் பெயரும் வார்டு எண்ணும் தெரியும் படம் எத்தனை கைபேசிகளில் தங்குகிறது என்பது நம் கையில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பாதுகாப்பான செய்தி வசதியைச் செய்து தருவது நிர்வாகத்தின் கடமை. அது வரும்வரை பெயரை மறைத்து அனுப்பவாவது நாம் பழக வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் செவிலியத் தகவலியல் முதலாண்டிலேயே தனிப்பாடமாக வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த வகுப்பு கணினியை இயக்கவும் அட்டவணை போடவும் கற்றுத்தருவதோடு நின்றால் போதாது. ஒரு திரையைப் பார்த்து, "இதில் பார்த்த நேரத்துக்கு இடம் எங்கே?" என்று கேட்கத் தெரிந்த மாணவியை அது உருவாக்க வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு இந்த இதழ் நான்கு கோரிக்கைகளை வைக்கிறது. புதிய மென்பொருளை வாங்கும் குழுவில் வார்டில் டியூட்டி பார்க்கும் செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் மட்டும் போதாது. ஒரு வார்டில், இரவு டியூட்டியும் சேர்த்து, சோதித்துப் பார்த்த பிறகே மற்ற வார்டுகளுக்கு விரிக்க வேண்டும். ஒரு கணினிப் பதிவு தொடங்கும் நாளில், அதற்கு ஈடான தாள் பதிவேடு எது, எந்தத் தேதியோடு நிற்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும். சர்வர் செயலிழந்தால் என்ன செய்வது, பிறகு யார் பதிவது என்பதற்கும் எழுதப்பட்ட நடைமுறை வேண்டும்.

செவிலியர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வார்டில் மென்பொருளைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு இடத்தையும் ரிப்போர்ட் புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்: என்ன செய்ய முயன்றோம், எங்கே தடைப்பட்டது, எப்படிச் சமாளித்தோம். யார் செய்தார் என்ற பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் வார்டு இன்சார்ஜ் அதைத் தொகுத்து, செவிலியர் கண்காணிப்பாளர் வழியாகக் கணினிப் பிரிவுக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் கேட்கட்டும். வாயால் சொன்ன புகார் டியூட்டி மாறும்போது மறைந்துவிடும். தேதியோடு எழுதிய புகாருக்கு எவராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.