பெரிய நாயைக் கேட்டால் சின்ன நாய்!

'ஃபங்ஷன்' என்றால் நமக்குக் காதுகுத்து. 'ஆர்க்யுமென்ட்' என்றால் அந்தக் காதுகுத்தில் தாய்மாமனுக்கும் பெரியப்பாவுக்கும் நடப்பது. கம்ப்யூட்டர்காரர்கள் இரண்டுக்கும் வேறு அர்த்தம் வைத்துவிட்டார்கள். ஃபங்ஷன் ஒரு வேலைக்காரன். ஆர்க்யுமென்ட் என்பது வேலை ஏவும்போது அவன் கையில் நாம் கொடுக்கும் சாமான்.

சித்தப்பா பையனோடு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். வாணியம்பாடி, ஆலங்காயம் தாண்டி, காவலூர். 1968-ல் ஒரு 38 செ.மீ. தொலைநோக்கியோடு ஆரம்பித்த இடம். 1977-ல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைப் பார்த்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைணு பாப்பு பெயரை வைத்தார்கள். அதைப் பார்க்க மனுஷன் இல்லை. 1982-லேயே போய்விட்டார்.

"அண்ணே, சிரியஸைப் பார்க்கணும்னா கம்ப்யூட்டருக்கு என்ன சொல்லணும்?" என்றான் தம்பி. பைத்தான் படிக்கிறவன்.

வானத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகை மாதிரி இரண்டு எண் உண்டு. வல ஏற்றம் என்பது மணிக்கணக்கு: 0 முதல் 24 வரை. விலக்கம் என்பது டிகிரி: வடக்கே ப்ளஸ், தெற்கே மைனஸ். சிரியஸுக்கு 6.75 மணி, மைனஸ் 16.7 டிகிரி. ராத்திரி ரூமில் உட்கார்ந்து விளையாட்டாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான்:

திருப்பு(6.75, -16.7)

(பைத்தான் 3-ல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமோ?)

"இப்ப ரெண்டையும் மாத்திப் போடு."

போட்டான். கம்ப்யூட்டர் மூச்சு விடவில்லை. அதற்கு இரண்டும் வெறும் எண்தானே! மைனஸ் மணி வந்தால் 24-ஐக் கூட்டிக்கொள் என்று அவனே ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அது சமர்த்தாக 7.3 மணி என்று எடுத்துக்கொண்டு, 6.75 டிகிரி வடக்கே போய் நின்றது. சிரியஸ் இருப்பது பெருநாய் மண்டலம். இது போன இடம் சிறுநாய் மண்டலம்! அங்கேயும் நட்சத்திரம் மினுக்கும், பார்க்கிறவர் ராத்திரி முழுக்க போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். எர்ரர் வந்து நின்றிருந்தால் ஒரு நிமிஷம்தான் நஷ்டம்.

வரிசையைச் சரியாகப் போட்டாலும் ஃபங்ஷன் மணிக்குப் பதில் டிகிரியை எதிர்பார்த்தால் போச்சு. ஒரு மணிக்கு 15 டிகிரி. 6.75-ஐ டிகிரி என்று நினைத்தால் நாயை விட்டுவிட்டுத் திமிங்கில மண்டலத்தில் போய் விழும்.

வைத்தியம் சுலபம். பெயர் சொல்லிக் கொடுங்கள்:

திருப்பு(விலக்கம்=-16.7, மணி=6.75)

இப்போது எது முன்னால் வந்தாலும் கவலையில்லை. நமக்கு இது புதுசா என்ன? 'பையன் நாயைக் கடித்தான்' என்றாலும் 'நாயைப் பையன் கடித்தான்' என்றாலும் கடிபட்டது நாய்தான். இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' ஒட்டிக்கொண்டு வருகிறதல்லவா! இங்கிலீஷில் இடத்தை மாற்றினால் பையனுக்கு ஊசி போட வேண்டியிருக்கும்.

தம்பி ஒரு படி மேலே போனான். ஃபங்ஷனை எழுதும்போது அடைப்புக்குள் முதலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டான். அப்புறம் பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டினால் பைத்தான் வாங்காது, எர்ரர்தான். நட்சத்திரத்தைப் பிடிக்க நட்சத்திரம்!

ஆபீஸ் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். எக்ஸெலில் வி-லுக்கப் இருக்கிறதே, அதற்கு நாலு ஆர்க்யுமென்ட். நாலாவதை விட்டுவிட்டால், 'தேடுகிற எண் இல்லையா, பரவாயில்லை, அதற்கு முந்தின எண் போதும்' என்று அதுவாகவே முடிவு செய்யும். ஒரு தீபாவளிக்கு நான் விட்டேன். 1043-ம் எண் ஊழியர் முந்தின வாரம் சேர்ந்த பையன், போனஸ் பட்டியலிலேயே இல்லை. 1042 எங்கள் மேனேஜர். அவருடைய போனஸ் அப்படியே பையன் பெயருக்கு வந்துவிட்டது. நாலாவது இடத்தில் ஒரு சைபர் போட்டிருந்தால் 'இல்லை' என்று நேர்மையாகச் சொல்லியிருக்கும்.

பையன் மறுநாளே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மேனேஜர்தான் ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை. அவர் போனஸ் எவ்வளவு என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோய், அங்கிருந்து அவர் வீட்டுக்கும் தெரிந்துவிட்டதாம்.