தனிப்பயணம் என்னும் புனைவு

ஆண்டுதோறும் மணாலி - லே நெடுஞ்சாலையில் பனி அகற்றப்பட்டுப் போக்குவரத்து தொடங்கியதும், தமிழில் ஒருவகைப் பயணக் கட்டுரைகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. ஓர் இளைஞர், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கூடாரம், ஒரு மடிக்கணினி. பகலில் நிறுவனத்தின் வேலை, மாலையில் மலையின் மௌனம். நகரத்தையும் மனிதரையும் துறந்து தன்னந்தனியாக இமயத்தை வென்ற கதை. நமது இலக்கிய வாசகர்களும் இவற்றைப் பயண இலக்கியத்தின் புதிய தளிர் என்று பாராட்டுகிறார்கள். நமக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. அது ‘தனியாக’ என்ற சொல்லைப் பற்றியது.

ஊர்சுற்றுதலை நாம் பழிக்கவில்லை. ராகுல சாங்கிருத்யாயனின் ‘ஊர்சுற்றிப் புராண’த்தைப் படித்தவர் எவரும் அதைப் பழிக்கத் துணியார். வீட்டில் அமர்ந்திருப்பவரின் பொறாமை என்று இதை ஒதுக்க நினைப்பவர்கள், சற்றுப் பொறுத்து நமது வாதத்தைக் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் சாலையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி, பாரலாச்சா லா போன்ற கணவாய்களைக் கடந்து, தங்லங் லாவில் 5,300 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. குளிர்காலம் முழுவதும் பனியில் புதைந்து கிடக்கும் சாலை தானாகத் திறந்துகொள்வதில்லை. 1960இல் உருவான எல்லைச் சாலைகள் அமைப்பும், லடாக்கில் 1985 முதல் இயங்கும் அதன் ‘ஹிமாங்க்’ பிரிவும் அதைத் திறந்து காக்கின்றன. அங்கே கல் உடைப்பவர்களில் பெருந்தொகையினர் ஜார்க்கண்டின் தும்கா போன்ற மாவட்டங்களிலிருந்து வரும் ஏழைகள். 2020 மே மாத இறுதியில், ஊரடங்கில் சிக்கிக்கொண்ட 60 தொழிலாளர்கள் லேயிலிருந்து விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துவரப்பட்டனர். அடுத்த மாதமே தும்காவிலிருந்து தனி ரயிலில் வேறு தொழிலாளர்கள் லடாக் நோக்கிப் புறப்பட்டனர். சாலைக்கு அவர்கள் அத்தனை இன்றியமையாதவர்கள். மூச்சு முட்டும் உயரத்தில், தார் காய்ச்சும் புகையில், மாதக்கணக்கில் கூடாரத்தில் வாழ்பவர்கள் அவர்கள். நமது கட்டுரையாளரும் கூடாரத்தில்தான் தங்குகிறார். அவருடைய கூடாரம் சாகசமாகிறது. அவர்களுடைய கூடாரம் நிழற்படத்தின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

வண்டியும் அப்படியே. இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வண்டியைத் தேர்ந்தெடுத்ததை ஒட்டி, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. இமயக் கணவாயில் ஒலிக்கும் அவ்வண்டியின் ஓசையில் திருவொற்றியூர்த் தொழிலாளியின் உழைப்பும் கலந்திருக்கிறது. ‘நானும் என் வண்டியும் மட்டும்’ என்று எழுதும்போது, ‘மட்டும்’ என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் புதைக்கப்படுகிறார்கள்!

அடுத்து, மடிக்கணினி. மலையில் இருந்துகொண்டே வேலை பார்ப்பதை விடுதலை என்கிறார்கள். யாருடைய விடுதலை? அலுவலகம் நாற்காலியையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. வேலை நேரத்தில் ஒரு மணித்துளியும் குறைவதில்லை. இரவு எங்கே தங்குவது என்பதை மலை தீர்மானிப்பதில்லை, சிக்னல் தீர்மானிக்கிறது. பிற மாநிலத்து முன்கட்டண சிம் அட்டைகள் லடாக்கில் இயங்கா என்பதை அறிந்து, புறப்படுமுன்பே பின்கட்டண இணைப்புக்கு மாறிக்கொள்ளும் பயணி, நகரத்தைத் துறந்தவரல்லர். நகரத்தைப் பையில் கட்டிக்கொண்டு போகிறவர். அதில் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் பத்து மணிக்குக் காணொளிக் கூட்டத்தில் மேலாளருக்குத் தலையாட்டிவிட்டுப் பதினொரு மணிக்குத் துறவியாகிவிடுவதாக எழுதுவதைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

இந்தப் பொய்யால் எவருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. மனிதரற்ற வெளி என்று ஓரிடத்தை எழுதிவிட்டால், அங்கே எதையும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. இந்நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள சோ கார் ஏரியும் அதன் துணை ஏரியும் 2020இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. கருங்கழுத்துக் கொக்குகள் கோடையில் அங்கே கூடு கட்டுகின்றன. பயணிகள் கூடாரத்தோடு வருவதும் அதே கோடையில்தான். சுற்றியுள்ள புல்வெளி, பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்களின் வாழ்நிலம். கட்டுரையாளருக்கோ அது ‘யாருமில்லாத கரை’. லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். பனியுருகி வரும் நீரைப் பங்கிட்டே வயல்கள் விளைகின்றன. அந்த நீரில் தாம் எவ்வளவு செலவழித்தோம், தமது குப்பை எங்கே போயிற்று என்று எழுதிய தனிப்பயணியை நாம் இன்னும் வாசிக்கவில்லை.

மலைவழியை எழுதுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் 583 அடிகளில் செய்வது அதைத்தான். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு, எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருக்கிறார்கள், எங்கே தினைப்புனம் காப்போரின் கவண்கல் பாய்ந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்று அது சொல்கிறது. வழி தவறினால் உதவ வருவோர் யார், எந்தக் குடியில் எவ்வுணவு கிடைக்கும் என்றும் சொல்கிறது. வழியோர நடுகற்களை வணங்கிச் செல்லுங்கள் என்கிறது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்துவைத்துப் போங்கள் என்கிறது. அதில் மலை என்றால் மலைவாழ் மக்களும்தான். லடாக்கின் சாலையோரங்களிலும் சாலைப்பணியில் மடிந்தோரின் நினைவுக்கற்கள் நிற்கின்றன. நமது பயணிகள் அவற்றைக் கடந்துபோய்க் கணவாயின் உயரப் பலகையருகே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

தனிமை என்பது உள்ளத்தின் அனுபவம், அதற்குச் சாலைப்பணியாளரின் கணக்கு எதற்கு என்பார்கள். உள்ளத்துத் தனிமையை நாம் மறுக்கவில்லை. அதை எழுதுங்கள், ஆனால் அதைச் சாத்தியமாக்கிய உழைப்பை அழித்துவிட்டு எழுதாதீர்கள். ஒரு பெண் ‘தனியாகப் போனேன்’ என்று எழுதும்போது அச்சொல்லுக்கு வேறு கனம் உண்டு என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். துணையின்றி வெளியே போகாதே என்ற கட்டளையை மீறிய சொல் அது; யாரையும் மறைப்பதன்று. ஆண் எழுதும் ‘தனியாக’வுக்கு அந்த நியாயமும் இல்லை.

ஆகவே பயணக் கட்டுரை எழுதும் நண்பர்களை நாம் கேட்பது மிகச் சிறிது. சாலை போட்டவரோடு ஒரு தேநீர் அருந்தி, அவர் எந்த ஊர், என்ன கூலி என்று கேட்டு எழுதுங்கள். தண்ணீர் கொடுத்த வீட்டை எழுதுங்கள். வேலைக் கூட்டத்துக்காக எந்தக் கணவாயைப் பாராமல் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்னால் வருகிறவருக்காக ஒரு பிடிப் புல்லையேனும் முடிந்துவையுங்கள். இவ்வளவும் எழுதிய பிறகும் ‘தனியாக’ என்ற சொல்லுக்கு அக்கட்டுரையில் இடமிருந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.