மேடிட்ட தழும்பும் ‘இயற்கை’ மருந்தும்

காது குத்திய மடலிலும், சிசேரியன் செய்த வயிற்றிலும், சூடுபட்ட கையிலும் மேடிட்டு நிற்கும் தழும்பு நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. காயத்தின் எல்லைக்குள் நிற்பது ஒரு வகை. அது நாளடைவில் ஓரளவு அடங்கும். எல்லை தாண்டி வளர்வது கீலாய்டு; அது தானாக அடங்குவது அரிது. கருநிறத் தோலினரிடமும் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஸ்டீராய்டு களிம்பைக் கண்டு அஞ்சுவதில் நியாயம் உண்டு. அளவின்றிப் பூசினால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும். மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்பதற்கு இந்திய அரசு 2018-இல் கட்டுப்பாடு விதித்தது. ஆயினும், மருத்துவர் தழும்பினுள் அளவோடு செலுத்தும் ஊசி வேறு. நாமே கடையில் வாங்கிப் பூசும் களிம்பு வேறு.

இனி மாற்றுகளைப் பார்ப்போம். தேன் காயம் ஆறத் துணைபுரியும். மேடிட்டுவிட்ட தழும்பைக் கரைக்காது. கற்றாழை தோலின் வறட்சியைத் தணிக்கும், அவ்வளவே. வெங்காயச் சாறு சேர்ந்த களிம்புகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து புதுக் காயமே உண்டாகக்கூடும். புதுக் காயம் புதுத் தழும்புக்கு வித்து.

உண்மையான மாற்றுகள் எளியவை. சிலிக்கான் ஒட்டுத்தாளை நாள்தோறும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் சில மாதங்கள் அணிதல், காதுமடலுக்கு அழுத்தம் தரும் கவ்வி, ஆறிய தழும்பை மெல்ல நீவுதல், வெயில் படாமல் மறைத்தல் ஆகியவையே அவை. இவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

நோய்க்கு மருத்துவம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியில் ‘நபிவழி மருத்துவம்’ என்று அச்சிட்டு, எத்தழும்பும் மறையும் என்று விற்பது அவ்வழிகாட்டலாகாது. மார்க்கத்தின் பெயரால் நடக்கும் வணிகமே அது.

எல்லாவற்றுக்கும் மேலாக நாம் வலியுறுத்துவது ஒன்று உண்டு. ஒரு காதில் கீலாய்டு வந்த பெண்பிள்ளைக்கு, திருமணத்தைக் காரணம் காட்டி மீண்டும் காது குத்தாதீர்கள். கட்டியை வெட்டி எடுத்தால் மட்டும் போதும் என்றும் எண்ணாதீர்கள். வெட்டிய இடத்திலேயே அது மீண்டும் வளர்வது மிகுதி. காதணி அனுமதிக்கப்பட்ட அலங்காரம், கடமையன்று. பிள்ளையின் உடலோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.