யாரும் வெட்டவில்லையாம்! அப்போ பந்து எங்கே?



"பணவீக்கம் குறைந்துவிட்டதே, ஆசிரியர்கள் இன்னும் ஏன் புலம்புகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். ஒரு வருடத்துக்கு முன் ஒரு இலட்சத்துக்கு வாங்கியதை வாங்க ஒரு இலட்சத்து எழுபதாயிரம் தேவைப்பட்டது. இப்போது குறைந்திருப்பது விலை ஏறும் வேகம்தான். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

பாடசாலைக்கு வரும் காசு அதே இலட்சத்தில் நின்றால் அதன் பெறுமதி 59 ஆயிரம்தான். மிச்சம் 41 ஆயிரத்தை யாரும் பேனையால் வெட்டவில்லை, பாராளுமன்றத்தில் கையுயர்த்தவும் இல்லை. சத்தமில்லாமல் போய்விட்டது.

போவதில் முதலில் போவது விளையாட்டு. கரண்ட் பில் கட்டாவிட்டால் வயரை வெட்டுவார்கள். வலைப்பந்து வாங்காவிட்டால் எவரும் கேட்கமாட்டார்கள். பிரதேச சபை மைதானத்திலும் இதே கதைதான். டீசல் விலை ஏறினால் குப்பை வண்டி ஓடியாக வேண்டும், புல் வெட்டுவது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

நாடு வங்குரோத்தானது எங்களுக்கும் தெரியும், கடனும் வட்டியும் தெரியும். ஆனால் வற் வரி 2022 இல் 8 வீதத்திலிருந்து 12, பிறகு 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. அது விலையின் மேல் விழும் வரி. விலை ஏற வரியும் தானாக ஏறும். அறவிடும்போது பணவீக்கத்தைக் கணக்கில் எடுப்பவர்கள் கொடுக்கும்போது மட்டும் மறப்பது என்ன நியாயம்?

பெரிய நகரப் பாடசாலைகளைப் பழைய மாணவர் சங்கங்கள் தாங்கும். எங்கள் ஊர்களில் பள்ளிவாசலிடமும் கட்டாரில் வியர்வை சிந்தும் சகோதரர்களிடமும் கையேந்துகிறோம். கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவான். ஆனால் வரியும் கட்டிவிட்டு ஸதகாவில் பந்து வாங்கும் நிலைக்கு வெட்கப்பட வேண்டியது நாங்களல்ல.

"விளையாட்டு ஆடம்பரம்தானே" என்கிறார்கள். அதே வாயால் "பிள்ளைகள் போனிலும் ஐஸிலும் கெட்டுப்போகிறார்கள்" என்றும் சொல்கிறார்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளை மைதானத்தில் இல்லையென்றால் வேறெங்கோ இருக்கிறான். வலயத்தில் முதலிடம் வந்தவன் மாகாணப் போட்டிக்குப் பஸ் காசில்லாமல் வீட்டில் நின்றால், அவன் தோற்றது ஓட்டத்தில் இல்லை.

நாங்கள் கேட்பது மூன்று. விளையாட்டு ஒதுக்கீட்டை வருடாவருடம் விலைச் சுட்டெண்ணோடு சேர்த்து உயர்த்துங்கள். வலயத்துக்கு வெளியே போகும் பிள்ளையின் பயணச் செலவை அரசாங்கம் ஏற்கட்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள்.

பெற்றோரே, மூன்றாவதற்கு யாருடைய தயவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தேநீர் குடித்துவிட்டு எழும்பிப் போகாமல், ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்காத காசு வராது.