காசு இருக்கிறது, வாங்க ஆள் இல்லை என்பவர்களுக்கு

காலநிலை மாற்றம் பற்றிச் சென்னையில் நடக்கும் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "பணத்துக்குப் பஞ்சமே இல்லைங்க. வெளிநாட்டு நிதி இருக்கு, சிஎஸ்ஆர் இருக்கு, அரசுத் திட்டம் இருக்கு. வட சென்னையில அதைக் கேட்டு வாங்கி வேலை செய்யத்தான் ஆள் இல்லை." பக்கத்து நாற்காலிக்காரர் தன் பங்குக்குச் சேர்ப்பார்: கொடுத்தாலும் ஒழுங்காகக் கணக்கு வராது, கணக்கே வந்தாலும் இரண்டு லட்சம், மூன்று லட்சத்தில் என்ன ஆகிவிடப் போகிறது, அனல்மின் நிலையமும் எண்ணெய் ஆலையும் செய்கிற கேட்டுக்கு முன்னால் தெருக்குழு மானியம் வெறும் கண்துடைப்பு. நாலும் சேர்ந்தே வருவதால் ஒரே வாதம்போலத் தெரிகின்றன. பிரித்துப் பார்த்தால் முதல் மூன்றும் தவறு. நான்காவதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி முக்கியம் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

முதலில், ஆள் இல்லை என்பது.

மூலக்கொத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். பேசின் பிரிட்ஜுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் அருகில் இருக்கும் இந்த இடத்தை வெளியூர்க்காரர்கள் மயானத்தை வைத்துத்தான் அறிவார்கள். 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் இருக்கிறார்கள். மயான நிலத்தில் கட்டக் கூடாது என்ற எதிர்ப்பைத் தாண்டி அங்கே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பும் எழும்பியது. சுற்றிலும் ரயில் பாதை, கால்வாய், துறைமுகத்துக்குப் போகும் கனரக லாரிகள். இங்கே பத்துப் பெண்கள் சேர்ந்து மூன்று காரியம் செய்ய நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் தகர, ஓட்டுக் கூரைகளுக்கும் மொட்டைமாடிக்கும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. மழைக்காலத்துக்கு ஒரு மோட்டார் பம்பு, குழாய், டீசல். ஏழெட்டு வீடுகளில் வெப்பமானி மாட்டித் தினமும் நோட்டில் எழுதுவது. செலவு இரண்டு லட்சம் என்போம். யாரிடம் கேட்பது?

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் என்றால், குழுவாக மட்டும் இருப்பவர்களுக்குக் கம்பெனி நேரடியாகக் கொடுக்காது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி சான்று வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 என்ற பதிவும் வேண்டும். மூன்று வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். இத்தனையும் வாங்கித் தர ஆடிட்டர் கேட்கும் தொகையில் பம்பு வந்துவிடும்.

வெளிநாட்டு நிதி இன்னும் கடினம். முன்பெல்லாம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனம் பணத்தைப் பெற்று, அதே அனுமதி வைத்திருக்கும் சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தக் கைமாற்றை முழுவதும் தடை செய்தது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. கணக்கு எழுத ஒரு ஆள், ஊருக்குள் நடந்து பேச ஒரு ஆள் என்று சம்பளம் கொடுத்தவர்கள் முதலில் வெட்டியது அந்த இடங்களைத்தான்.

அரசுப் பக்கம் 'நமக்கு நாமே' இருக்கிறது. நல்ல திட்டம், 1990களிலேயே தொடங்கியது. ஆனால் அதன் அடிப்படையே மக்கள் முதலில் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும் என்பது. அண்ணா நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு அது வசூல் வேலை. கூலிக்குப் போகிறவர்கள் வாழும் தெருவுக்கு அது தடுப்புச் சுவர்.

காலநிலை மாற்றத்துக்காக ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியில் 27 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் சேர்த்து ஒப்புதல் பெற்றவை 30 திட்டங்கள். தமிழ்நாட்டின் திட்டம் மன்னார் வளைகுடாக் கரையோரத்துக்கு. 2022 நவம்பரில் அந்த நிதி தனித்திட்டம் என்ற தகுதியையும் இழந்தது. உலக அளவிலும் கதை இதுதான். லண்டனைச் சேர்ந்த சர்வதேசச் சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 2017இல் கணக்குப் பார்த்தது. 2003 முதல் 2016 வரை சர்வதேசக் காலநிலை நிதியங்கள் ஒதுக்கியதில் உள்ளூர் மக்களை மையமாகக் கொண்ட வேலைகளுக்குப் போனது பத்து சதவீதத்துக்கும் குறைவு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, விருந்துக்கு யாரும் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதுதான் இந்த 'ஆள் இல்லை'.

அடுத்தது கணக்கு. இதைச் சொல்பவர்கள் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்களா என்று சில நேரம் சந்தேகம் வரும். 1989இல் தர்மபுரியில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அன்று முதல் ஊக்குநர், பிரதிநிதி, தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, உள்கடன் பதிவேடு என்று வாராவாரம் எழுதிக்கொண்டிருப்பவர்கள் யார்? அடமானம் இல்லாமல் வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுப்பது தர்மத்துக்கு அல்ல. பத்துப் பேர் உட்கார்ந்து ரூபாய் ரூபாயாகச் சரிபார்க்கும் கணக்கில் ஓட்டை குறைவு என்பதை வங்கி மேலாளர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள்.

பெரிய தொகை வேண்டுமா, மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறைக்குப் போகலாம். அந்த ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை சுமார் 1.55 கோடி. அதில் 1.15 கோடி வங்கிக் கடன், மீதி ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் தின்ற மின்கட்டணத்தை ஈடுகட்டி, மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். 'காலநிலை நடவடிக்கை' என்ற சொல் நம் மேடைகளில் பழகுவதற்கு முன்பே நடந்தது இது.

கன்று நட்டுப் போட்டோ எடுத்துவிட்டு அடுத்த மழைக்குள் அதை மறந்துவிடும் அமைப்புகள் இல்லையா? இருக்கின்றன, ஏராளமாக. ஆனால் எத்தனை கன்று என்ற ஒரே கேள்வியைக் கேட்கும் கொடையாளருக்கு அந்த ஒரே பதில்தான் கிடைக்கும். இரண்டாம் வருடம் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேட்டு, தண்ணீர் ஊற்றுகிறவருக்கும் பணம் ஒதுக்கினால் படம் மாறும். இன்னொன்றையும் கேட்டுவிடலாம். கோடிக்கணக்கான ஒப்பந்தங்களின் பில்லை எந்தத் தெரு மக்கள் பார்த்திருக்கிறார்கள்? கணக்கு பற்றிய கவலை இரண்டு லட்சத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது?

மூன்றாவது, சின்னத் தொகை பற்றிய ஏளனம். இங்கேதான் நின்று பேச வேண்டும்.

திருவொற்றியூர், மணலி பகுதிகளை உள்ளடக்கிய கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடனோடு மழைநீர் வடிகால் திட்டம் நடக்கிறது. மாநகராட்சி சொன்ன கணக்கு 769 கிலோமீட்டர், 3,220 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு நாலு கோடிக்கு மேல். வடிகால் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் வடிகாலின் வாயில் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்திருப்பதும், சாலையைவிடத் தாழ்ந்துபோன வீட்டுக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறுவதும், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் ஒப்பந்தக்காரரின் வரைபடத்தில் இருக்காது. தெருவுக்குத்தான் தெரியும். அந்த அறிவைக் கையில் பம்போடும் படகோடும் டார்ச்லைட்டோடும் சேர்ப்பதற்குத்தான் சின்னத் தொகை.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. சூழலுக்குச் சேதமில்லை என்று முதலில் அறிக்கை வந்தது. பிறகு கரையில் கருங்குழம்பாக ஒதுங்கியதை நாடே பார்த்தது, வாளியால் அள்ளியவர்களையும் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும் மீனவர்கள் தங்கள் படகில், கையில் கிடைத்த பாத்திரத்தால்தான் அள்ளினார்கள். ஏழே வருடத்துக்குள் இரண்டு முறை, அதே கடலோரம், அதே வாளி. நடுவில் எவராவது குப்பத்துக்கு ஒரு தொகுதி கையுறையும் முகக்கவசமும் எண்ணெய் உறிஞ்சும் மிதவையும் வாங்கி வைத்திருந்தால் அது சில லட்சத்தில் முடிந்திருக்கும். சின்னத் தொகையை ஏளனம் செய்தவர்கள் அந்த வாரம் எண்ணூரில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

வெப்பமும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இறந்த பிறகு வரும் நாலு லட்சத்துக்குக் கணக்குத் தலைப்பு இருக்கிறது. அவர் படுத்திருந்த அறையின் கூரைக்கு முன்கூட்டியே வெள்ளையடிக்க ஒரு தெருக்குழு கேட்டால் அதற்கு எந்தத் தலைப்பு? அகமதாபாத்தில் மகளிர் வீட்டுவசதி அறக்கட்டளை குடிசைப்பகுதிப் பெண்களைக் கொண்டே இந்தக் கூரை வேலையைச் செய்துகாட்டியிருக்கிறது. சுண்ணாம்பும் பிரஷ்ஷும் ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை.

கொடுங்கையூரையும் விட முடியாது. அங்கே குவிந்த 66 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் திட்டத்தின் மதிப்பு 640 கோடி. அதே இடத்தில் எரிஉலை வரக் கூடாது என்று 2025 மே மாதம் குடியிருப்பாளர்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்கள் கேட்பது வீட்டு வாசலிலேயே பிரிப்பது, வார்டுக்குள்ளேயே மக்கச் செய்வது. இரண்டும் தெரு அளவில் மட்டுமே நடக்கக்கூடியவை. வீடு வீடாகப் போய்ப் பேசுபவருக்கு மாதம் ஏதோ ஒரு தொகை கொடுக்காமல் எந்த இயந்திரமும் அதைச் செய்யாது. வருடக்கணக்கில் அந்தச் செலவை மிச்சப்படுத்தியதன் பில்தான் அந்த 640 கோடி.

இனி அந்தப் பாதி உண்மை. ஆலைகள் செய்யும் கேட்டுக்கு ஆலைகளும் அரசும் பொறுப்பேற்க வேண்டும். அதை மானியமாக மாற்றி மக்கள் தலையில் கட்டக் கூடாது. முழுக்கச் சம்மதம். 2023 எண்ணெய்க் கசிவுக்குப் பின் அரசு அறிவித்த 8.68 கோடி நிவாரணம்: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, படகுகளுக்கு 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பங்களுக்கு 7,500. அது இழப்புக்குக் கொடுப்பது, அதுவும் குறைவு. அதைக் காட்டி இனி மானியம் எதற்கு என்பதும் தவறு, மானியத்தைக் காட்டி இழப்பீட்டைக் குறைப்பதும் தவறு. பள்ளிச் சுவரில் கம்பெனியின் சின்னத்தோடு மரம் வரைந்துவிட்டு, அதே வாரத்தில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் நடந்ததுபோல அம்மோனியாக் கசிவில் மக்கள் மூச்சுத் திணறினால், அந்த ஓவியத்துக்கு என்ன மரியாதை?

ஆனால் இதிலிருந்து, ஆகவே தெருக்குழுக்களுக்குப் பணமே வேண்டாம் என்று முடிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பொறுப்பேற்க வைப்பதற்கே சான்று வேண்டும், சான்று சேர்க்கப் பணம் வேண்டும். 2004இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றிய கிராமத்தினர் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூக்கால் உணர்ந்ததை ஆய்வறிக்கையாக்கிய பிறகுதான் அவர்கள் புகாரைத் தள்ளிவிட முடியாமல் போனது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டியது பற்றி 2022இல் பசுமைத் தீர்ப்பாயம் தந்த தீர்ப்பின் பின்னாலும் ஒரு மீனவரின் மனுவே இருந்தது. மாதிரி எடுக்கும் பை, ஆய்வகக் கட்டணம், வழக்குக்குப் போய்வரும் ரயில் டிக்கெட்: இவற்றுக்குச் சிஎஸ்ஆர் ஒருநாளும் பணம் தராது. பொது நிதிதான் தர முடியும்.

பொது நிதிக்கு வழியும் இருக்கிறது. 2024 மார்ச்சில் தொடங்கியபோது வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பு 4,181 கோடி. அதில் நூற்றில் ஒரு பங்கு 41 கோடியே 81 லட்சம். ஐந்து ஐந்து லட்சமாகப் பிரித்தால் 836 குழுக்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளிடம் வசூலிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டில் ஒரு பகுதியையும் இதில் சேர்த்தால், கேடு செய்தவரின் பணம் அவருடைய சின்னம் இல்லாமல் தெருவுக்கு வரும்.

யார் முடிவெடுப்பது? கென்யாவில் இசியோலோ போன்ற மாவட்டங்களில் வார்டு அளவில் மக்களே தேர்ந்தெடுத்த குழுக்கள் காலநிலை நிதியை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்தன; பிறகு அது நாட்டளவிலான திட்டமானது. நம்மிடம் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. இன்று அங்கே தெருவிளக்கு, குப்பைவண்டி பற்றிய மனுக்கள் வாங்கப்படுகின்றன. மூலக்கொத்தளத்துப் பகுதி சபைக்கு வருடம் பத்து லட்சத்தை ஒதுக்கி, பம்பா, கூரைப்பூச்சா, காற்று மாதிரியா என்று அங்கேயே கைதூக்கித் தீர்மானிக்கச் சொல்லலாம். கவுன்சிலரின் ஆட்கள் சுருட்டிவிடுவார்கள் என்பார்கள். சுருட்டலாம். அதனால்தான் வாங்கிய பம்பின் பில்லும் அதை வைத்திருப்பவரின் பெயரும் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். பம்பு ஓடுகிறதா என்று ஐப்பசியில் அந்தச் சுவரைத் தாண்டிப் போகிற எல்லாரும் கேட்பார்கள்.