பழைய பட்டைக்கு இந்த விலையா?

"பழைய லாரிப் பட்டைதானே, இதற்கா இவ்வளவு விலை?" மதுராந்தகம் பக்கத்துக் கொல்லுப் பட்டறைகளில் கத்தி, அரிவாள் வாங்கப் போகிறவர்கள் கேட்கிற கேள்வி இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழசு என்பதால் அந்த இரும்பு மட்டமாகிவிடாது. லாரியின் அடியில் பாரம் தாங்கும் வில்பட்டையில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கட்டடக் கம்பியில் பெரும்பாலும் 0.3-க்குள்தான். அதனால் கம்பியில் அடித்த கத்தியில் கூர் நிற்காது; பட்டையில் அடித்ததில் நிற்கும். 

ஆனால் பட்டை தானாகக் கத்தியாகிவிடாது. அது வளைந்து கொடுப்பதற்காகப் பதப்படுத்தியது, வெட்டுவதற்காக அல்ல. கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து, மறுபடி செக்கச்செவேலென்று சூடேற்றி, எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்துத் துவைச்சல் ஏற்ற வேண்டும். சூடு போதாவிட்டால் வாய் சீக்கிரம் மழுங்கும். தோய்த்தபின் இளஞ்சூடு காட்டாவிட்டால் எலும்பில் பட்டதும் வாய் தெறிக்கும். விரிசல் விட்ட துண்டை ஒதுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே வேலை நடக்கிறது.

இரும்பு எடைக்குக் கிடைக்கும். நாம் கொடுக்கும் பணம் அந்தக் கண்ணுக்கு. அதிலும் பேரம் பேசினால், அவர் பிள்ளை ஏன் உலையருகே நிற்கப் போகிறான்? நாளைக்குக் கடைத் தகட்டுக் கத்திதான் நமக்கு மிஞ்சும்.

இனி, "எந்த இரும்பு, எப்படித் துவைச்சல்?" என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், சொன்ன விலையைக் கொடுங்கள்.